நானூறு டாலருக்கு ஒரு மடக்குக் கத்தி: வாங்கலாமா, வேண்டாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலை உயர்ந்த மடக்குக் கத்தி என்றால் எந்த விலையிலிருந்து?

அமெரிக்கச் சந்தை விலையை வைத்துப் பார்த்தால் நான்கு படிகள் தெரியும். 15 முதல் 40 டாலருக்குள் பிரான்ஸின் ஒபினெல் 8-ஆம் எண், சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் சிறு கத்திகள். 50 முதல் 100 டாலருக்குள் சீனாவின் சிவிவி போன்ற நிறுவனங்கள். 150 முதல் 250 டாலர் அளவில் பெஞ்ச்மேட் பக்அவுட், ஸ்பைடர்கோ பாராமிலிட்டரி 2. அதையும் தாண்டி 400 டாலருக்கு மேல் கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா. இந்தியாவில் இறக்குமதி வரியும் ஜிஎஸ்டியும் சேரும்போது எல்லாப் படியும் இன்னும் மேலே போகும்.

இந்தப் பக்கத்தில் செபென்சா 31-ஐயே பெரும்பாலும் உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். "இவ்வளவு பணம் கொடுக்கலாமா?" என்ற கேள்வி அதிகம் எழுவது அந்தக் கத்தியைப் பற்றித்தான்.

கூடுதல் விலை கொடுத்தால் கூடுதலாக வெட்டுமா?

வெட்டாது. வாங்குவதற்கு முன் மனதில் பதிய வேண்டிய முதல் செய்தி இது.

கத்தி ஒரு பொருளுக்குள் எவ்வளவு சுலபமாக இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது வாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதுதான். தீட்டிய சரிவு முடியும் இடத்தில் வெர்னியர் காலிப்பர் வைத்துப் பாருங்கள். 0.3 முதல் 0.5 மி.மீ. இருந்தால் நல்ல வெட்டுக் கத்தி. 0.7 மி.மீ.யைத் தாண்டினால் கேரட்டை வெட்டாது, ஆப்பு வைத்தது போலப் பிளக்கும். எத்தனை டாலர் கொடுத்தீர்கள் என்பது கேரட்டுக்குத் தெரியாது. ஒபினெல்லின் அலகு மெல்லியது. தக்காளியிலும் கொய்யாவிலும் அது பல விலை உயர்ந்த கத்திகளைவிடச் சுத்தமாக இறங்கும். "பலமான கத்தி" என்று விற்கப்படும் தடித்த அலகுகள் அட்டைப்பெட்டியை அறுக்கும்போதுகூட பக்கவாட்டில் மாட்டி இழுபடும்.

ஆகவே வெட்டும் திறன் மட்டும்தான் தேவை என்றால் கேள்வி இங்கேயே முடிந்துவிட்டது. 20 டாலர் கத்தியும் நல்ல தீட்டும் கல்லும் வாங்குங்கள்.

அப்படியானால் மீதிப் பணம் எதற்குப் போகிறது?

மூன்று விஷயங்களுக்கு: பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் துல்லியம், பூட்டின் நம்பகம், பல ஆண்டுகள் கழித்தும் பழுது பார்க்க முடிவது.

கிறிஸ் ரீவ் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1989-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் பட்டறை அமைத்தார். செபென்சா என்ற பெயர் ஜூலு மொழியில் 'வேலை' என்ற சொல்லிலிருந்து வந்தது. பிடியின் இரண்டு பக்கமும் திடமான டைட்டானியத் தகடு: 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் கலந்த வகை. டைட்டானியம் கடைசல் வேலைக்கு அடங்காத உலோகம். சூடு அதில் சீக்கிரம் பரவாது, வெட்டும் கருவியின் முனையிலேயே தங்கும். அதனால் கருவி சீக்கிரம் தேயும், வேலை மெதுவாகத்தான் நடக்கும். விலையில் ஒரு பங்கு அங்கே போகிறது.

பூட்டு பிடியின் ஒரு பக்கத் தகட்டிலேயே வெட்டி எடுக்கப்பட்டது. அந்தப் பட்டை ஸ்பிரிங் போல உள்ளே வளைந்து, திறந்த அலகின் அடியைத் தாங்கி நிற்கும். தனியாக ஒரு மெல்லிய தகடு பூட்டாக இல்லாமல் பிடியே பூட்டாக இருப்பதால், நீங்கள் இறுக்கிப் பிடிக்கும்போது பூட்டும் இறுகுகிறது. இந்த அமைப்பை உலகுக்குப் பழக்கியது செபென்சாதான். இன்று நூற்றுக்கணக்கான மாதிரிகள் அதைப் பின்பற்றுகின்றன.

இதில் ஒரு பலவீனம் உண்டு. டைட்டானியம் எஃகைவிட மென்மையானது. இரண்டும் உரசும் இடத்தில் டைட்டானியம் அலகில் அப்பிக்கொள்ளும். கத்தியை மடக்கும்போது பூட்டு 'ஒட்டி' நிற்பதற்கும், ஆண்டுகள் போகப் போகப் பூட்டுப் பட்டை எதிர்ப்பக்கம் நோக்கி நகர்வதற்கும் அதுவே காரணம். செபென்சா 31-இல் அந்தத் தொடுமிடத்தில் ஒரு பீங்கான் உருண்டையை வைத்திருக்கிறார்கள். மடக்கியிருக்கும்போது அலகு தானாகத் திறக்காமல் பிடித்து வைப்பதும் அதே உருண்டைதான். சிறிய மாற்றம், ஆனால் தேய்மானப் பிரச்சினையை வேரிலேயே தொடுகிறது. மற்ற நல்ல நிறுவனங்கள் அதே இடத்தில் எஃகுத் துண்டு ஒன்றைத் திருகி வைப்பார்கள், தேய்ந்தால் மாற்றலாம். 60 டாலர் டைட்டானியக் கத்தி வாங்கினால் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

அலகு சுழலும் அச்சில் பாஸ்பர் வெண்கல வாஷர்கள். அவை கிரீஸைத் தேக்கி வைக்கத் துளையிடப்பட்டவை. பேரிங் வைத்த கத்தி போல அது சட்டென்று வெளியே பாயாது; ஒரே சீராக, கனமான கதவு போலத் திறக்கும். கடையில் முதல் முறை திறந்து பார்க்கும் பலர் "இவ்வளவு விலைக்கு இப்படி இறுக்கமா?" என்று ஏமாற்றம் அடைவார்கள். அது குறையல்ல. மணலும் சட்டைப்பையின் பஞ்சும் பேரிங்குக்குள் போனால் கரகரக்கும். வாஷரை ஒரு துணியால் துடைத்தால் போதும்.

எஸ்30வி, மேக்னாகட், எம்390, டி2... எஃகின் பெயரை வைத்து முடிவு செய்யலாமா?

அதை மட்டும் வைத்து வேண்டாம். ஆனால் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

எஃகில் மூன்று குணங்கள் ஒன்றையொன்று இழுக்கும்: தேயாமல் நிற்பது, உடையாமல் தாங்குவது, துருப்பிடிக்காமல் இருப்பது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளை நினைத்துப் பாருங்கள். லாரி ஸ்பிரிங் பட்டை போன்ற எஃகு அரிவாளுக்கு ஏற்றது. அடி தாங்கும், உடையாது. சீக்கிரம் மழுங்கும், துருவும் ஏறும், ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் திரும்பக் கூர் வந்துவிடும். விலை உயர்ந்த மடக்குக் கத்தியின் எஃகு இதற்கு நேர் எதிர்க் கோடியில் நிற்கிறது: நீண்ட நாள் கூர் நிற்கும், துருவை எதிர்க்கும், ஆனால் முறுக்கினால் உடையும், தீட்டுவதற்குப் பொறுமையும் சரியான கல்லும் கேட்கும்.

எஸ்30வி 2001-இல் வந்தது. அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் கத்திக்கென்றே உருவாக்கிய தூள் எஃகு, அதாவது எஃகைத் தூளாக்கி அழுத்திச் செய்தது. ரீவின் ஆலோசனையும் அதில் இருந்தது. ஏறக்குறைய 1.45 சதவீதம் கார்பன், 14 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் வனேடியம். ஆஸ்திரியாவின் எம்390-இல் குரோமியம் 20 சதவீதம். உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-இல் வந்த மேக்னாகட்டில் குரோமியம் 11 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆனாலும் துருவை எதிர்ப்பதில் அது எஸ்30வியை முந்துகிறது. காரணம், அதில் குரோமியம் கார்பைடாக (கார்பனோடு சேர்ந்த கடினத் துகளாக) கட்டிப்போய் வீணாகாமல் உலோகத்திலேயே கரைந்து நிற்கிறது. சதவீதத்தைப் பார்த்து மட்டும் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. செபென்சா 31 வெவ்வேறு ஆண்டுகளில் எஸ்35விஎன், எஸ்45விஎன், மேக்னாகட் என்ற மூன்று எஃகிலும் வந்திருக்கிறது. பழையதை வாங்கும்போது எது என்று கேளுங்கள்.

டி2-வில் 12 சதவீதம் குரோமியம் இருக்கும். 'துருப்பிடிக்காதது' என்று சிலர் விற்பார்கள், நம்பாதீர்கள். எலுமிச்சை அறுத்துவிட்டுத் துடைக்காமல் மடக்கி வைத்தால் மறுநாள் புள்ளி விழுந்திருக்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களில் வேர்வையும் உப்புக் காற்றுமே போதும்.

எஃகின் பெயரைவிட அதற்கு வைத்த பதம் முக்கியம். ஒரே எஸ்30வி, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 58-இல் நின்றால் ஒரு கத்தி, 61-இல் நின்றால் வேறு கத்தி. பெயரை அலகில் பொறிப்பது சுலபம். சரியாகச் சூடாக்கிக் குளிர்விப்பது செலவு. கடினத்தின் எண்ணை வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்துக்கு ஒரு மதிப்பெண் கூடக் கொடுங்கள்.

எந்தப் பூட்டு நல்லது?

சரியாகச் செய்த எந்தப் பூட்டும் வீட்டு வேலைக்குப் போதும். கைக்கு எது பாதுகாப்பு என்பதே கேள்வி.

செபென்சாவின் சட்டப் பூட்டிலும் (பிடியே பூட்டாக இருக்கும் பிரேம் லாக்) மெல்லிய தகட்டுப் பூட்டிலும், மடக்கும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் இருக்கும். பக்அவுட்டில் இருப்பது குறுக்குக் கம்பிப் பூட்டு. இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகள் கம்பியை முன்னே தள்ளும். விரல் பாதையில் வராது, இடக்கைக்காரருக்கும் ஒத்துவரும். ஆனால் அந்த ஸ்பிரிங் எப்போதாவது முறியும். ஒன்று முறிந்தாலும் மற்றது வேலை செய்யும் என்பதால் உடனே ஆபத்தில்லை. பூட்டு ஒரு பக்கம் தொய்வாகத் தெரியும், அப்போது மாற்ற வேண்டும். பாராமிலிட்டரி 2-இன் பூட்டு பிடியின் முதுகுப் பக்கம் இருக்கும். மடக்கும்போது எந்த விரலும் அலகுக்கு எதிரே வராது. குழந்தைகள் உள்ள வீட்டில், பதற்றமாக வேலை செய்யும் கையில், எங்கள் முதல் தேர்வு இதுதான்.

ஒபினெல்லில் 1955 முதல் இருக்கும் சுழல் வளையம் எளிமையிலும் எளிமை. திருகினால் பூட்டும், திருப்பினால் திறக்கும். விக்டோரினாக்ஸ் சிறு கத்திகள் பெரும்பாலானவற்றில் பூட்டே இல்லை, ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும்தான். முனையால் குத்தும் வேலைக்கு அவற்றை எடுக்காதீர்கள். விரல் மேல் மடங்கும்.

நடுத்தர விலையில் நின்றுவிடலாமா?

பெரும்பாலானவர்களுக்கு எங்கள் பதில்: நிற்கலாம். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 50 முதல் 100 டாலர் படி மிகவும் முன்னேறிவிட்டது. சீனாவின் யாங்ஜியாங் பட்டறைகளிலிருந்து வரும் சிவிவி எலிமென்டம் போன்ற கத்திகளில் அலகு நடுவில் நிற்கும், பூட்டு உறுதியாக விழும், பேரிங்கில் சீறிக்கொண்டு திறக்கும். அலகும் மெலிந்தது. 75 மி.மீ. நீளம் பார்சலுக்கும் பழத்துக்கும் கயிற்றுக்கும் தாராளம்.

150 முதல் 250 டாலருக்குப் போகும்போது கிடைப்பது நல்ல எஃகு, கவனமான பதம், தெளிவான உத்தரவாதம். பக்அவுட் 52 கிராம்தான். வேட்டியின் மடிப்பில் செருகினாலும் தெரியாது. அலகு 82 மி.மீ. பெரிய செபென்சா அதைப்போல இரண்டரை மடங்கு கனம். மெல்லிய பருத்திக் கால்சட்டையில் பையை இழுத்துத் தொங்கவிடும். எங்கள் வெயிலில் மெல்லிய துணி உடுத்துபவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

பிறகு யாருக்குத்தான் செபென்சா?

தினமும் கத்தியைக் கையில் எடுப்பவர், அதைத் தாமே கழற்றித் துடைத்துத் தீட்டுபவர், ஒரே கத்தியைப் பதினைந்து இருபது ஆண்டுகள் வைத்திருக்க விரும்புபவர்: இந்த மூன்றும் ஒருவரே என்றால் பணம் வீணில்லை. கழற்றுவதற்கான ஆலன் சாவி பெட்டியிலேயே வருகிறது. கழற்றினால் உத்தரவாதம் போகாது. வாஷர் தேய்ந்தாலும், அலகு தீட்டித் தீட்டிக் குறைந்தாலும் நிறுவனத்துக்கு அனுப்பினால் கவனிப்பார்கள். இந்தியாவிலிருந்து அனுப்பித் திரும்பப் பெறுவதற்கு ஆகும் தபால் செலவையும் சுங்கத் தாமதத்தையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அலமாரியில் வைத்துப் பார்த்து மகிழ்வதற்கு வாங்குவதும் தவறில்லை. நல்ல கைவேலையை விரும்பி வாங்குகிறேன் என்று தெரிந்து வாங்குங்கள். அது நன்றாக வெட்டும் என்ற காரணத்தைத் தேடாதீர்கள். தீட்டத் தெரியாத கையில் ஆறு மாதம் கழித்து 400 டாலர் கத்தியும் 20 டாலர் கத்தியும் ஒரே மாதிரி மழுங்கிக் கிடக்கும்.

ஒபினெல் வாங்கினால் என்ன சிக்கல்?

பிடி பீச் மரம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் வராது. பிடியின் அடிப்பாகத்தை மேசை விளிம்பில் லேசாகத் தட்டினால் அலகு சற்று வெளியே வரும். ஒபினெல் பிறந்த ஊர்க்காரர்கள் திறப்பதும் அப்படித்தான். நிரந்தரத் தீர்வு: நன்றாக உலரவிட்டு, அலகு உட்காரும் பிளவின் உட்புறத்தை 240-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று முறை ஊற வையுங்கள்.

கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என இரண்டு வகையில் கிடைக்கும். மாங்காய், புளி, எலுமிச்சை அறுப்பவர்கள் துருப்பிடிக்காததையே வாங்குங்கள். கார்பன் அலகு கறுத்து, பழத்தில் இரும்பு வாடை ஏற்றும்.

பெட்டி வந்ததும் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், எதையும் வெட்டுவதற்கு முன் பாருங்கள்.

மடக்கிய நிலையில் மேலிருந்து நோக்கினால் அலகு இரண்டு தகடுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருப்பது மன்னிக்கலாம். ஒரு பக்கம் உரசினால் கூடாது. முனை பிடிக்குள் முழுவதும் மறைந்திருக்கிறதா என்று விரலைத் தடவிப் பாருங்கள். மடக்கிய கத்தியை முனைப்பக்கம் கீழே வரும்படி பிடித்து லேசாகக் குலுக்குங்கள். அலகு வெளியே எட்டிப் பார்த்தால் சட்டைப்பையில் திறந்துகொள்ளும் கத்தி அது.

பிறகு திறந்து, பிடியை ஒரு கையிலும் அலகின் முதுகை மறு கையிலும் பற்றி மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். பக்கவாட்டு ஆட்டம் பெரும்பாலும் அச்சுத் திருகை இறுக்கினால் போகும். மேல்கீழ் ஆட்டம் பூட்டின் குறை, திருப்பி அனுப்புங்கள். சட்டப் பூட்டாக இருந்தால் பட்டை அலகின் அடியில் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்று பாருங்கள். புதியதில் கால் பங்கிலிருந்து பாதி வரை சரி. முக்கால் தாண்டிவிட்டால் தேய்மானத்துக்கு இடமே இல்லை. பூட்டைச் சோதிக்கிறேன் என்று முதுகால் மேசையில் ஓங்கி அடிக்காதீர்கள். நல்ல பூட்டையும் அந்த அடி கெடுக்கும்.

கடைசியாக வாயின் சரிவு இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில், அடியிலிருந்து முனை வரை ஓடுகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். விலை உயர்ந்த கத்தியிலும் இது கோணலாக வருவதுண்டு.

பூட்டு ஒட்டிக்கொள்கிறது. கெட்டுவிட்டதா?

புதிய டைட்டானியப் பூட்டில் இது சாதாரணம். தொடுமிடத்தில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டு, மென்மையான பென்சிலால் அந்த எஃகு முகத்தில் கறுப்பாகத் தேய்த்து, நூறு முறை திறந்து மூடுங்கள். சில வாரங்களில் தானாகப் பழகும். பழகவில்லை என்றால் உத்தரவாதத்தில் அனுப்புங்கள். அரம் எடுத்து ராவக் கூடாது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

செபென்சா, பெஞ்ச்மேட், ஸ்பைடர்கோ மூன்றுக்கும் போலிகள் ஏராளம். படத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு நேர்த்தியாகச் செய்கிறார்கள். விலைதான் முதல் அடையாளம்: 400 டாலர் கத்தி ஐந்தாயிரம் ரூபாய்க்குப் புதிதாகக் கிடைக்காது. செபென்சாவோடு அது முடிக்கப்பட்ட தேதி எழுதிய ஓர் அட்டை வரும். 'பிறப்பு அட்டை' என்றே சொல்வார்கள். அட்டையையும் போலி செய்யலாம் என்பதால், நிறுவனத்தின் தளத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியலைப் பார்த்து வாங்குவதே உறுதியான வழி. போலியில் எஸ்35விஎன் என்று பொறித்திருந்தாலும் உள்ளே மென்மையான மலிவு எஃகுதான்; நாலு அட்டைப்பெட்டிக்குள் வாய் மடங்கும். பூட்டு நழுவினால் விரல் போகும் என்பதால் இது வெறும் பண நஷ்டம் அல்ல.

தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா?

அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் சரியான ஆள். இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள். வேகமாகச் சுற்றும் உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய வாய் நொடியில் சூடேறும். அங்கே பழுப்போ நீலமோ படர்ந்தால் பதம் இறங்கிவிட்டது. அந்தப் பகுதி முழுவதும் தேய்ந்து தீரும் வரை கூர் நிற்காது.

வீட்டில் செய்வது இப்படி. வனேடியம் நிறைந்த எஃகில் உள்ள கார்பைடுத் துகள்கள் சாதாரண அலுமினிய ஆக்சைடு கல்லைவிடக் கடினமானவை. கல் தேயும், கத்தி வழுக்கும். அதனால் வைரத் தூள் பூசிய தகடு வேண்டும்: 400 எண் ஒன்று, 1000 எண் ஒன்று. கத்திக்கு முன் இதை வாங்குங்கள்.

வாயின் சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசுங்கள். கோணம் பக்கத்துக்கு 17 முதல் 20 டிகிரி. அலகின் அகலம் 25 மி.மீ. என்றால், 17 டிகிரிக்கு முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 7.3 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். 20 டிகிரிக்கு 8.6 மி.மீ. நாணயங்களை அந்த உயரத்துக்கு அடுக்கி வைத்துக் கை பழகலாம். இரண்டு இழுப்புக்குப் பின் மையைப் பாருங்கள். சரிவின் மேல்பகுதியில் மட்டும் மை அழிந்தால் முதுகு தாழ்ந்திருக்கிறது. வாயின் நுனியில் மட்டும் அழிந்தால் உயர்ந்திருக்கிறது. முழுவதும் சீராக அழிய வேண்டும்.

ஒரு பக்கத்தையே தேய்த்துக்கொண்டு போங்கள். எதிர்ப்பக்கத்தில், முதுகிலிருந்து வாயை நோக்கி நகத்தை இழுத்தால் ஒரு மெல்லிய பிசிறு தட்டுப்படும். அடியிலிருந்து முனை வரை அது எழுந்த பிறகே மறுபக்கம் திருப்ப வேண்டும். பெரும்பாலானோர் தோற்கும் இடம் இதுதான்: பிசிறு எழும் முன்பே பக்கம் மாற்றுவார்கள், அல்லது எழுந்த பிசிறை அகற்றாமல் விடுவார்கள். பிசிறு இருக்கும் கத்தி முதலில் மயிரைக்கூட மழிக்கும். இரண்டு தக்காளிக்குள் மடங்கி மொண்ணையாகும். 1000 எண்ணில் பக்கம் மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பத்துப் பதினைந்து இழுப்பு. பிறகு ஒரு மைக்ரான் வைரப் பசை தடவிய தோல் பட்டையில், வாய்க்கு எதிர்த்திசையில் இழுத்துத் துடைத்து எடுங்கள்.

தொழிற்சாலையிலிருந்து வந்த கூர் சீக்கிரம் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். பெல்ட் இயந்திரத்தில் தீட்டும்போது நுனி சூடாகியிருக்கலாம். கையால் இரண்டு மூன்று முறை தீட்டிய பிறகுதான் எஃகின் உண்மையான குணம் தெரியும்.

கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி? எத்தனை நாளுக்கு ஒரு முறை?

கரகரப்பு கேட்டால், அல்லது பழச்சாறோ கடல்நீரோ உள்ளே போனால். நாள் கணக்கு தேவையில்லை. உங்கள் கத்தியின் நிறுவனம் கழற்றுவதை அனுமதிக்கிறதா என்று முதலில் வாசியுங்கள். சில நிறுவனங்களில் கழற்றினால் உத்தரவாதம் ரத்து. அப்படியானால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் திறந்து மூடிக் கழுவி, மின்விசிறிக்கு அடியில் நன்றாக உலர்த்தினால் போதும்.

கழற்றுவதென்றால் வெள்ளைத் துணி விரித்து, எடுத்த வரிசையிலேயே பாகங்களை வையுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கத்திகளில் நட்சத்திரத் தலைத் திருகு: உடலுக்கு டி6, அச்சுக்கு டி8. மலிவான திருப்புளி முனையால் தலை வழுக்கிவிட்டால் மீட்பது பெரும்பாடு. திருகு அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். உள்ளே பசை போட்டிருப்பார்கள். சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகின் தலையில் அரை நிமிடம் வைத்தால் பசை இளகும்.

வாஷரைத் துடைத்து, இரண்டு பக்கமும் அரிசி அளவுக்கும் குறைவாகக் கிரீஸ். தேங்காய் எண்ணெய் வேண்டாம்: குளிரில் உறையும், நாள்பட்டால் பிசினாகும். உணவு அறுக்கும் கத்திக்கு உணவுத் தரக் கனிம எண்ணெய் போடுங்கள். திரும்பப் பூட்டும்போது அலகில் பக்கவாட்டு ஆட்டம் நிற்கும் வரை அச்சுத் திருகை இறுக்கி, மடக்க இறுக்கமாக இருந்தால் மிகச் சிறிதளவு தளர்த்துங்கள். திருகின் மரையில் மட்டும் ஊதா அல்லது நீல நிறத் திருகுப் பசை ஒரு ஊசி முனை அளவு. ஒரு நாள் உலரவிடுங்கள். அதிகம் விட்டால் வழிந்து வாஷரை ஒட்டிவிடும். சிவப்புப் பசையைத் தொடவே வேண்டாம்.

உத்தரவாதத்தில் எது வராது?

முனை உடைந்தது வராது. பெயின்ட் டப்பா மூடியைக் கிளப்புவது, தேங்காய்ச் சிரட்டையிலிருந்து பருப்பைத் தோண்டுவது, திருகாணி திருப்புவது எல்லாம் முனையை முறிக்கும் வேலைகள். இளநீர் சீவ மடக்குக் கத்தியை எடுக்கவே கூடாது. அச்சு அந்த அடிக்குச் செய்யப்பட்டதல்ல. துருவும் பெரும்பாலும் உங்கள் பொறுப்பு.

பயன்படுத்தியதை வாங்கலாமா?

செபென்சாவுக்கு நல்ல மறுவிற்பனைச் சந்தை இருக்கிறது. பெட்டியும் பிறப்பு அட்டையும் இருந்தால் விலை நிற்கும். வாங்கும்போது அலகின் உருவத்தைப் புதியதன் படத்தோடு ஒப்பிடுங்கள்; சக்கரத்தில் தீட்டித் தேய்த்திருந்தால் அலகு புதியதைவிடக் குறுகித் தெரியும். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

சட்டப்படி சட்டைப்பையில் வைத்திருக்கலாமா?

இந்தியாவின் 2016 ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கானவை விலக்கு. மடக்குக் கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனாலும் நீதிமன்றம், மெட்ரோ, பொதுக்கூட்டம் போன்ற இடங்களுக்குக் கொண்டுபோகாதீர்கள். பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங்கில் தானே பாயும் கத்தியை வாங்கவே வேண்டாம். விமானத்தில் கைப்பையில் கூடாது, சரக்குப் பெட்டியில் மட்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வாங்கும் முன்பே பாருங்கள். பிரிட்டனில் 1988 சட்டப்படி 3 அங்குலத்துக்குள் வாய் உள்ள, பூட்டில்லாத மடக்குக் கத்திக்கு மட்டுமே காரணம் சொல்லத் தேவையில்லை. செபென்சா, பக்அவுட், ஒபினெல் 8 எல்லாம் பூட்டுக் கத்திகள் என்பதால் தக்க காரணம் இல்லாமல் வெளியே கொண்டுபோனால் குற்றம். அங்கே பூட்டில்லாத சிறு விக்டோரினாக்ஸ் தவிர வேறு யோசிக்க வேண்டாம். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியை வெளியில் வைத்திருக்கக் கட்டுப்பாடு உண்டு. கனடாவில் கையை உதறினாலே திறந்துகொள்ளும் கத்தி தடைசெய்யப்பட்டது; பேரிங் வைத்தவற்றை அங்கே இறக்குமதி செய்யும்போது சுங்கத்தில் நின்றுபோகலாம். சிங்கப்பூரில் நியாயமான காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதே சிக்கல். வீட்டிலும் வேலையிடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.